யாசுகுனி: மாண்டவர் யாருக்குச் சொந்தம்?

டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் எலும்போ சாம்பலோ கிடையாது. இருப்பவை பெயர்கள். உள்நாட்டுப் போரில் பேரரசர் தரப்பில் நின்று மாண்டவர்களுக்காக 1869-இல் எழுப்பப்பட்ட ஷிந்தோ ஆலயம் இது. ஒருவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதிச் சடங்கு செய்தால் அவர் 'காமி', அதாவது வழிபாட்டுக்குரிய தெய்வம், ஆகிவிடுகிறார். பின்வந்த போர்களில் மாண்டவர்களோடு, இப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 24,66,000 பேர். அந்த உள்நாட்டுப் போரில் பேரரசர் தரப்பை எதிர்த்துப் போரிட்ட அய்ஸு பகுதி வீரர்களுக்கு அதில் இடமில்லை. புதிய அரசை உருவாக்கியவர்களில் ஒருவராக இருந்தும், 1877-இல் அதை எதிர்த்து மாண்ட சைகோ தகமோரிக்கும் இல்லை. வஞ்சம் தீராமல் இறந்த பகைவனின் ஆவியையும் சாந்தப்படுத்த வேண்டும் என்ற பழைய ஜப்பானிய நம்பிக்கையிலிருந்து இது பெரிதும் விலகியது.

1947-ஆம் ஆண்டு அரசியலமைப்பு அரசையும் மதத்தையும் பிரித்தது. ஆயினும் அரசு அமைச்சகமே ஆலயத்துக்குப் பெயர்ப் பட்டியல்களை அனுப்பிவந்தது. 1978-இல் போர்க்காலப் பிரதமர் டோஜோ உட்பட, டோக்கியோ தீர்ப்பாயம் முதன்மைப் போர்க்குற்றவாளிகளாக விசாரித்த 14 பேர் சத்தமில்லாமல் சேர்க்கப்பட்டார்கள். 1975-க்குப் பின் எந்தப் பேரரசரும் அங்கே வழிபட்டதில்லை. பிரதமர்கள் செல்லும்போதெல்லாம் சீனாவும் தென் கொரியாவும் கண்டனம் தெரிவிக்கின்றன.

உலகம் பேசுவது பெரும்பாலும் இந்த 14 பேரைப் பற்றித்தான். அதைவிட ஆழமான கேள்வி, அங்கே தெய்வமாக்கப்பட்ட ஏறத்தாழ 21,000 கொரியர்களையும் 28,000 தைவானியரையும் பற்றியது. அவர்கள் நாடுகளை ஆண்ட பேரரசின் படையில் மாண்டவர்கள் அவர்கள். குடும்பத்தாரிடம் யாரும் கேட்கவில்லை. பெயரை நீக்கக் கோரி உறவினர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஒரே தெய்வமாகக் கலந்துவிட்ட ஆன்மாக்களைப் பிரித்தெடுக்க முடியாது என்பது ஆலயத்தின் பதில். ஷிந்தோ இறையியலாக அதை மதிக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கை இல்லாத வீட்டின் மகனை அதற்குள் அடைத்துவைக்கும்போது, உயிரோடு இருந்தபோது நடந்த அதே கட்டாயம் இறந்த பின்னும் தொடர்கிறது. இதையொத்த வழக்கொன்று ஜப்பானின் உச்ச நீதிமன்றம் வரை போனது. தற்காப்புப் படையிலிருந்த கணவரை மாகாண ஆலயமொன்றில் தெய்வமாக்கியதை எதிர்த்தார் ஒரு கிறிஸ்தவக் கைம்பெண். பிறர் வழிபாட்டை அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றது 1988-இல் வந்த தீர்ப்பு.

ஆலய வளாகத்திலுள்ள யூஷூகான் அருங்காட்சியகத்தின் நுழைவுக் கூடத்தில் ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியப் படை அமைத்த சயாம் மரண ரயில்பாதையில் ஓடியது அது. 1943-இல் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் பாதையின் கட்டுமானத்தில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் மடிந்தார்கள். தாய்லாந்தில் அந்தப் பாதையோரமுள்ள காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறைகள் உண்டு. அந்தத் தமிழர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.