வடுத் தாங்கிய திருமேனி

சென்னைத் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதிப் பெருமாள் கோயில், வியப்புக்குரிய செய்திகளைத் தேடிச் செல்வோருக்கு வற்றாத இடமாகும். கோயிலின் முன்னுள்ள கைரவிணி என்னும் குளத்தில் மீன்கள் வாழ்வதில்லை என்பது தலபுராணம் சார்ந்த நெடுங்கால நம்பிக்கை. மூலவரான வேங்கடகிருஷ்ணர், வைணவத் திருப்பதிகளில் அரிதான மீசையோடும், பாரதப் போரில் படை எடுப்பதில்லை என்று கொடுத்த வாக்குக்கேற்பச் சக்கரமின்றிச் சங்கோடும் நிற்கிறார். மேற்கு நோக்கி யோகத்தில் அமர்ந்திருக்கும் நரசிம்மராகிய அழகியசிங்கரின் அமைதி குலையாதிருக்க, அவர் சந்நிதிக் கதவின் மணிகளுக்கு நாக்கு வைப்பதில்லை என்பர். இவற்றுள் மீனைப் பற்றிய கேள்வியை நீரியல் அறிந்தோர் ஓர் ஆய்வால் தீர்த்துவிடலாம். மீசையும் மணியும் மரபின் பாற்பட்டவை. உற்சவரான பார்த்தசாரதியின் திருமுகத்திலுள்ள வடுக்களோ சமயத் தத்துவத்தின் அடித்தளத்தையே தொடுகின்றன: குற்றமற்றவன் என்று வேதாந்தம் கூறும் இறைவனுக்குக் காயம் எப்படி ஏற்படும், ஏற்பட்டாலும் அது ஏன் ஆறாமல் நிற்க வேண்டும்?

இவ்வடுக்கள் பீடுமர் எய்த அம்புகளால் உண்டானவை என்பது கோயில் மரபு. வியாச பாரதத்தின் பீடும பருவத்தில், பாட்டனாரான பீடுமரிடம் அருச்சுனன் மென்மையாகப் போரிடுவதைக் கண்டு பொறாத கண்ணன், மூன்றாம் நாள் சக்கரத்தோடும் ஒன்பதாம் நாள் குதிரைச் சவுக்கோடும் தேரிலிருந்து குதித்து ஓட, இரு முறையும் அருச்சுனனே பின்சென்று தடுக்கிறான். ஆனால் வடுவுக்குக் காரணம் இந்தச் சினம் அன்று. சாரதியின் இருக்கை வில்லாளிக்கு முன்னே உள்ளது. வில்லாளியைக் குறிவைத்து வரும் அம்பு முதலில் சாரதியைத்தான் காணும். அவன் கையில் எதிர்க்கப் படையும் இல்லை. ஆகவே இந்தக் காயங்கள் அவன் போர் செய்ததால் வந்தவை அல்ல, அவன் ஏற்றுக்கொண்ட இடத்தால் வந்தவை.

உலோக வார்ப்பில் பயிற்சி உள்ளவர் இதற்கு வேறு விளக்கம் தரக்கூடும். மெழுகால் உருவமைத்து, மேலே மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றும் முறையில், உள்ளே காற்று சிக்கிக்கொண்டால் மேற்பரப்பில் குழிகள் விழுவது இயல்பு. அதுவே காரணம் என்று கொண்டாலும் கேள்வி தீர்வதில்லை. உறுப்புக் குறைவுபட்ட திருமேனியைச் செப்பனிடுவதற்கும், செப்பனிட இயலாதபோது நீக்கி வேறு வார்ப்பதற்கும் ஆகமங்கள், அதாவது கோயில் அமைப்பையும் வழிபாட்டையும் வகுத்துரைக்கும் நூல்கள், வழி காட்டுகின்றன. வைகானச ஆகமத்தைப் பின்பற்றும் இக்கோயிலில், முகத்திலேயே உள்ள இக்குறிகளை வழிபடுவோர் குறையாகக் கொள்ளாமல் பெருமையாகப் போற்றி வந்ததற்குக் காரணத்தை உலைக்களத்தில் தேட முடியாது.

கீதையின் நான்காம் அத்தியாயத்துக்கு உரை கண்ட இராமானுசர், இறைவன் அவதரிக்கும்போது தன் இயல்பில் எதனையும் இழப்பதில்லை என்றும், அவன் ஏற்கும் உடல் வினைப்பயனால் வரும் இயற்கைப் பொருளால் ஆனதன்று என்றும் விளக்குகிறார். சுத்த சத்துவம் என்று வைணவர் குறிக்கும் மாசற்ற பொருளாலான அவ்வுடலில் அம்பு தைக்குமா என்று கேட்டால், எல்லாம் லீலை, விளையாட்டு, என்ற விடை உடனே வருகிறது. அது எளிய விடை. எளிமையே அதன் குறையும் ஆகும். காயம் நடிப்பென்றால் அடியவனுக்கு முன்னே அமர்ந்ததும் நடிப்பாகிவிடும். சௌலப்பியம் என்று ஆசாரியர்கள் கொண்டாடும் எளிவந்த தன்மைக்கு அதன்பின் பொருள் இராது.

இந்த இடத்தில் பிள்ளை லோகாசாரியரின் சிந்தனை ஆழமாகச் செல்கிறது. இறைவனின் ஐந்து நிலைகளை ஸ்ரீவசன பூஷணத்தில் நீருக்கு ஒப்பிடும் அவர், உள்ளுறையும் நிலையை நிலத்தடி நீராகவும், பரமபத நிலையை அண்டத்துக்கு அப்பாலுள்ள நீராகவும், வியூகத்தைப் பாற்கடலாகவும், இராமன் கண்ணன் போன்ற அவதாரங்களை வெள்ளம் பெருகி ஓடும் ஆறாகவும், கோயில் திருமேனியாகிய அர்ச்சையை அவ்வாற்றில் தேங்கிய மடுக்களாகவும் காட்டுகிறார். வெள்ளம் வடிந்தபின் வந்தவனுக்கும் தாகம் தீர்ப்பது மடுதான். அர்ச்சை நிலையில் இறைவன் உண்பதும் உறங்குவதும் நீராடுவதும் அர்ச்சகர் கையில் இருக்க, அப்பாரதந்திரியத்தை, அதாவது பிறர்வயப்பட்டிருத்தலை, அவன் மெய்யாகவே ஏற்கிறான் என்பது இம்மரபின் துணிவு. இது ஏட்டளவில் நின்ற கொள்கையும் அன்று. 14ஆம் நூற்றாண்டில் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, முதிர்ந்த வயதில் அக்கோயிலின் உற்சவரான நம்பெருமாளைக் காத்து வெளியேறி, வழியில் சோதிக்குடியில் உயிர் நீத்தவர் இதே லோகாசாரியர். காக்கப்பட வேண்டிய நிலையை இறைவன் ஏற்பான் என்றால் காயம்படும் நிலையையும் ஏற்பான். திருவல்லிக்கேணியில் வடுவைத் தாங்குபவர் கருவறை நீங்காத மூலவர் அல்லர், மாட வீதிகளில் மக்களிடையே எழுந்தருளும் உற்சவர் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

அடிபட்ட கடவுள் தமிழருக்குப் புதியவர் அல்லர். திருமலையில் நந்தவனத்துக்குக் குளம் வெட்டிய அனந்தாழ்வான், உதவ வந்த சிறுவன் மேல் கடப்பாரையை எறிய, அது வேங்கடவன் மோவாயில் பட்டதென்றும், அங்கு இன்றும் பச்சைக் கற்பூரம் சாத்துவது அதனால்தான் என்றும் கூறுவர். மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்த சொக்கநாதர் மேல் பாண்டியன் வீசிய பிரம்படி எல்லா உயிர்கள் மேலும் பட்டது. அங்கே இறைவன் பட்ட அடி உலகுக்குப் பரவுகிறது. திருவல்லிக்கேணியில் திசை மாறுகிறது: பிறனுக்கு வந்த அம்பு இறைவனிடம் நின்றுவிடுகிறது.

திருவல்லிக்கேணியிலிருந்து கடற்கரை வழியே தெற்கே சிறிது தொலைவில் உள்ள சாந்தோம் பேராலயம், உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்த்தே நம்புவேன் என்ற தோமாவின் பெயரைத் தாங்குவது. மாட்சிமை பெற்ற உடலில் தழும்பு ஏன் என்று அங்கும் கேட்டிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டினரான தாமஸ் அக்குவினாஸ் கூறும் காரணங்களுள் வெற்றியின் அடையாளம், சீடரின் உறுதிப்பாடு ஆகியவற்றோடு, இறுதித் தீர்ப்பு நாளில் குற்றவாளிகளுக்கு அவர்கள் பெறும் தண்டனையின் நீதியைக் காட்டுதல் என்பதும் ஒன்று. பார்த்தசாரதியின் வடுவில் இந்தக் கடைசிக் காரணத்துக்கு இடமே இல்லை, எய்தவரே அடியவர். பாகவத புராணத்தின் முதல் கந்தத்தில் அம்புப் படுக்கையில் கிடக்கும் பீடுமர், தம் கூரிய கணைகளால் கவசம் பிளந்து தோல் கிழிந்த கண்ணனை நினைவுகூர்ந்து, அவனிடமே தம் உள்ளம் நிலைக்க வேண்டும் என்று வேண்டுகிறார்; மன்னிப்பு என்ற பேச்சே அத்துதியில் எழவில்லை.