உளுந்துன்னு சொன்னா உளுந்துதான்!

இன்னைக்கு நம்ம முருகனோட அப்பா கோயில் ஒன்றைப் பார்ப்போம்.

சென்னை–திருச்சி சாலையில் போறவங்க எல்லாருக்கும் உளுந்தூர்பேட்டை தெரியும். 2019-ல் இருந்து அது கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊரை ஒட்டியே உளுந்தாண்டார்கோவில். அங்கே ஈசனுக்கு மாஷபுரீஸ்வரர் என்று பெயர். மாஷம் என்றால் வடமொழியில் உளுந்து.

சாமிக்கு ஏன் உளுந்து பேரு? மிளகு மூட்டைகளோட வந்த வியாபாரிகள் இங்கே தங்கினாங்களாம். ஒரு முதியவர் வந்து கொஞ்சம் மிளகு கேட்டார். "இது மிளகு இல்ல பெரியவரே, உளுந்து" என்று சொல்லி அனுப்பிட்டாங்க. அப்புறம் மூட்டையைப் பிரிச்சா அத்தனையும் உளுந்து! யவனர்கள் பொன்னைக் கொடுத்து வாங்கிட்டுப் போன சரக்கு மிளகு. அகநானூறு 149-ஆம் பாட்டிலேயே அந்தச் செய்தி இருக்கு. ஒரே பொய்யில் அவ்வளவும் போச்சு.

கவனிங்க, ஈசன் சாபம் கொடுக்கல, சூலம் எடுக்கல. அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே உண்மையாக்கினார், அவ்வளவுதான்.

சிலர் கேட்கலாம்: கடவுள் கிழவர் வேஷத்தில் வந்தாரே, அதுவும் பொய்தானே? நியாயமான கேள்விதான். ஆனா அந்த வேஷத்தால் யாரும் எதையும் இழக்கல. வியாபாரிகளோட பொய் ஒரு பெரியவரை வெறுங்கையோட அனுப்பிச்சு.

இதைவிடச் சிக்கலான கதை திருவாரூர் பக்கம் இருக்கு. அப்பர் பாடிய திருப்பயற்றூர். அங்கேயும் ஒரு மிளகு வியாபாரி, சிவபக்தர். மிளகுக்குச் சுங்கம் உண்டு, பயறுக்கு இல்லை. சுங்கம் கட்டினா கோயில் திருப்பணிக்குப் பணம் குறையும். ஈசனிடம் வேண்ட, மிளகு பயறாச்சு. சுங்கச்சாவடி தாண்டினதும் திரும்ப மிளகாச்சு!

அங்கே தண்டனை, இங்கே அருளா? திருப்பயற்றூர்க்காரர் தன் பைக்காகக் கேட்கல, மறைக்காமல் ஈசனிடமே கேட்டார் என்று பதில் சொல்வாங்க. எனக்கு அது பாதிதான் திருப்தி. சுங்கமும் ஊருக்கான பணம்தானே? நல்ல காரியம் என்ற பேரில் வரி ஏய்க்கிறவங்க இந்தக் கதையைத் துணைக்குக் கூப்பிடக் கூடாது.

உளுந்தாண்டார் கதைதான் நமக்குக் கிட்டத்தில் இருக்கு. கோயில் வாசலில் ஒரு பாட்டி கை நீட்டுறாங்க. பையில் பணம் இருக்கு, "சில்லறை இல்லை பாட்டி"ன்னு வாய் தானா சொல்லுது. "தர முடியலை"ன்னு சொல்றதுக்கு என்ன கஷ்டம்? நல்லவன் என்ற பேரும் வேணும், காசும் வேணும்!

வியாபாரிகள் அழுது மன்னிப்புக் கேட்டதும் உளுந்து மறுபடி மிளகாச்சுன்னு சொல்வாங்க. ஆனா சாமிக்கு மிளகாண்டார்னு பேர் வரல. இன்னைக்கும் உளுந்தாண்டார்தான்.