ஏழு பேர் இருந்த படகு
(பாஸ்கா காலம் 3ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு: யோவான் 21:1-19)



பேதுருவின் வாழ்வில் இரண்டு கரிநெருப்புகள் உண்டு. தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்தபோது ஆண்டவரை மும்முறை மறுதலித்தார். இன்று திபேரியக் கடற்கரையில், விடியலில், அதே வாயால் மும்முறை தம் அன்பை அறிக்கையிடுகிறார். ஒரு நெருப்பருகே வளைந்தவர் இன்னொரு நெருப்பருகே நிமிர்கிறார்.

படைப்பிலும் இதைக் காண்கிறோம். படிகத்தை வளைத்தால் உடையும் என்றே எண்ணுகிறோம். ஆனால் 2007இல் ஜப்பானிய அறிவியலாளர் மசாஹிரோ இரியேயும் உடன் ஆய்வாளர்களும் காட்டிய கரிமப் படிகங்கள், புற ஊதா ஒளி பட்டதும் வடிவம் மாறின. கண்ணுக்குத் தெரியும் ஒளி பட்டதும் பழைய நிலைக்குத் திரும்பின. 2012இல் கொல்கத்தாவுக்கு அருகே வேதியியலாளர் மல்லா ரெட்டியின் குழு, காப்பியிலுள்ள காஃபீனை ஓர் அமிலத்தோடு சேர்த்துப் படிகம் வளர்த்தது. அதை வளைத்துக் கையை எடுத்தால், தானே நிமிர்ந்தது!

எப்படி? அதன் மூலக்கூறுகளைப் பிடித்திருப்பவை வலுவற்ற பிணைப்புகளே. ஆனால் அவை எல்லாப் பக்கமும் பிடித்திருக்கின்றன. அடுக்குகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பதால் எதுவும் நழுவிப் போவதில்லை. ஒரு திசையில் மட்டும் இறுகப் பிணைந்த சில படிகங்களோ, வளைந்தால் அடுக்குகள் வழுக்கி, வளைந்தபடியே நின்றுவிடுகின்றன.

மனிதரிலும் இப்படித்தான். ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனம் வருந்தினார். முப்பது வெள்ளிக்காசுகளைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் தனியே போய்விட்டார். பேதுருவும் மனம் கசந்து அழுதார். ஆனால் சகோதரர்களை விட்டு விலகவில்லை. உயிர்ப்பின் காலையில் மகதலா மரியா அவரைத் தேடிச் சென்றபோது அன்புச் சீடரும் உடனிருந்தார். இன்றும் படகில் அவரோடு ஆறு பேர். ஆண்டவரை விட்டு ஓடிய கோழைகளும் அவர்களில் உண்டு. அவர்களுடைய பிடிதான் பேதுருவைக் கரையில் காத்திருந்த ஆண்டவர்வரை கொண்டுவந்தது.

நம் பிணைப்புகளும் சிறியவைதான்: மாலைச் செபமாலை, அன்பியக் கூட்டம், திருப்பலி முடிந்து வாசலில் நலம் விசாரிக்கும் இரண்டு வார்த்தை. விழுந்தவரை நிமிர்த்துபவர் ஆண்டவர். அவர் வரும்வரை விழுந்தவரை நழுவவிடாமல் பிடித்திருப்பது நம் வேலை.

குடியாலோ கடனாலோ குடும்பச் சண்டையாலோ வெட்கப்பட்டு, கோவிலுக்கு வராமல் நின்றுவிட்டவர் உங்கள் அன்பியத்தில் இருப்பார். இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போங்கள். அறிவுரை வேண்டாம், கூட அமர்ந்து ஒருவேளை சாப்பிடுங்கள். ஆண்டவரும் பேதுருவுக்கு முதலில் உணவளித்த பிறகே, தம்மீது அன்பு உண்டா என்று கேட்டார். ஆமென்.