அளந்து பார், அஞ்சாதே!

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த பிறகு, ஏற்காட்டு டீக்கடை ஒன்றின் முன்னால் நின்றேவிட்டது அந்தச் சிமென்ட் லாரி. கேபினுக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று ஆவி. டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், கட்டி இழுத்துட்டு வாங்க" என்று போனிலேயே தீர்ப்பெழுதிவிட்டார் ஒரு பட்டறைக்காரர். வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்!

கூட வந்த கிளீனர் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. ரேடியேட்டர் மூடியைத் திறக்கப்போன ஒருவரை, "தொடாதீங்கண்ணா, மூஞ்சில அடிச்சிரும்" என்று தடுத்தான். இன்ஜினை நிறுத்தி, மேல் ஓஸின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனான். இன்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டருக்குப் போகும் ஓஸோ வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. "தண்ணி ரேடியேட்டருக்கே வரலண்ணா. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சு."

வண்டி ஆறும்வரை காத்திருந்தான். கழற்றி எடுத்தான். டீக்கடை அக்காவிடம் கொதிநீர் கேட்டான். "பாய்லர்ல போட்டீன்னா கைய ஒடச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு, பழைய டப்பாவில் ஊற்றி அடுப்பில் வைத்துக் கொடுத்தார் அவர். நல்ல தெர்மோஸ்டாட் 80 டிகிரியைத் தாண்டும்போதே வாய் திறக்கத் தொடங்கும். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும் என்றாலும், அந்தச் சூடே அதற்குப் போதும். டப்பாவில் கிடந்ததோ ஐந்து நிமிடம் கொதித்தும் வாயைத் திறக்கவில்லை. வழக்கு முடிந்தது! அதை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பி மெல்ல வண்டியை நகர்த்தினார்கள். சேலத்தில் இறங்கிப் புதியது போட்டுக்கொள்வதாகப் பேச்சு.

நாகலூரிலும் மஞ்சக்குட்டையிலும் உட்கார்ந்துகொண்டு "நமக்கெல்லாம் என்னங்க வரும்" என்று புலம்பும் தம்பியே, தங்கையே, உன்னைத்தான் கேட்கிறேன். அந்தப் பையனிடம் என்ன இருந்தது? பட்டமா, பணமா? ஒரு புறங்கை. ஒரு பழைய டப்பா. "எங்கே தடை?" என்று கேட்கும் துணிச்சல். இதில் எது உன்னிடம் இல்லை, சொல்!

லாரியின் கரண்ட் வேலை என்றால் பாதிப் பேர் பத்தடி தள்ளி நிற்கிறார்கள். ஏன் நிற்க வேண்டும்? இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து 24. இன்ஜின் ஓடும்போது மீட்டர் 28-ஐ ஒட்டிக் காட்டினால் ஆல்டர்நேட்டர் தன் வேலையைச் செய்கிறது. நம் ஊர் வழக்கில் டைனமோ. பேட்டரியில் 25 இருக்கிறது, மங்கலாக எரியும் விளக்கில் 21தான் வருகிறது என்றால் மீதி நாலு வோல்ட்டை யார் தின்றார்கள்? விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைச் சேஸிஸிலும் வை. அங்கேயே அந்த நாலும் காட்டினால் திருடன் அகப்பட்டான்: துருப்பிடித்த எர்த் இணைப்பு. சேர்வராயன் மலைப் பனியும் மழையும் இரும்பைச் சும்மா விடுமா? நட்டைக் கழற்று, உப்புத்தாள் போட்டுத் தேய், இறுக்கு. ஒரு துண்டு உப்புத்தாளில் முடியும் வேலைக்குப் புது டைனமோ வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்!

ஏசியும் அப்படித்தான். "குளிரலையா? கேஸ் அடிச்சிரலாம்" என்பது மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. கேஸ் என்ன டீசலா, ஓட ஓடத் தீர்வதற்கு? குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசியும் இடத்தில் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து வெளியேறும். அந்த இணைப்பில் பிசுபிசுவென்று தூசி அப்பியிருக்கும். கண்ணிருந்தால் தெரியும். பல லாரிகளில் ஏசி கண்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. வைக்கோல் தூசியும் பூச்சியும் அதை அடைத்தால் கேபின் குளிராது, இன்ஜினும் சூடாகும். இரண்டு நோய், ஒரே தாய். இதை அறியாதவன் ஏசிக்கு ஓரிடத்திலும் ரேடியேட்டருக்கு வேறிடத்திலும் காசு கொடுத்துக்கொண்டிருப்பான்.

காலமும் உன் வாசலுக்கே வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம். மலையிறங்கினால் சேலம், அதைத் தாண்டினால் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு. தமிழ்நாட்டு லாரித் தொழிலின் நெஞ்சே அங்கேதான் துடிக்கிறது. அத்தனை கேபினும் குளிர வேண்டும். யார் பார்க்கப் போகிறார்கள்? டெல்லியிலிருந்து ஆள் வருவாரா?

படிப்பில்லையே என்று தயங்குகிறாயா? 1893-இல் கோவைப் பக்கம் கலங்கலில் பிறந்தார் ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசைப்பட்ட மோட்டார் சைக்கிளை வேலை செய்து சேர்த்த காசில் வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மாட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். அதே 1893-இல் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர் ஃபிரெடரிக் ஜோன்ஸ். சிறுவயதிலேயே பெற்றோரின் ஆதரவை இழந்தார், படிப்பும் பாதியில் நின்றது. கார் பட்டறையில் தொழில் பழகினார். 1930-களின் இறுதியில், லாரியில் ஏற்றிய சரக்கைக் குளிரவைக்கும் கருவியை உருவாக்கினார். அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம், அவர் இறந்து முப்பது ஆண்டு கழித்து, 1991-இல் வந்தது. ஜோன்ஸுக்கு நிறமும் வறுமையும் தடை போட்டன. உனக்கு எது தடை? மலையா? மலை உனக்குப் பலம்! அடிவாரத்தில் மூடி மறைந்துகிடக்கும் ரேடியேட்டர் கோளாறு பதினைந்தாவது வளைவில் வெளியே வந்துவிடும். இதைவிட நல்ல பரிசோதனைக் கூடம் எந்தக் கல்லூரியில் இருக்கிறது?

தப்பு செய்வாய். ஃபியூஸ் எரியும். "இவன் எல்லாம் மெக்கானிக்காம்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எரிந்த ஃபியூஸ் ஏன் எரிந்தது என்று தேடு. அதைக் கண்டுபிடிக்காமல் கம்பியைச் சுற்றிவிட்டால் வண்டியே எரியும். அது தைரியம் ஆகாது, மூடத்தனம்.

அடுத்த முறை சந்தைக்கோ சினிமாவுக்கோ சேலம் இறங்குவாய் அல்லவா? சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொண்டு மலையேறு. வீட்டு வாசலில் நிற்கும் டூவீலரின் பேட்டரியை அன்றைக்கே அளந்து, எத்தனை வோல்ட் என்று ஒரு நோட்டில் எழுதிவை.