வர்ணத்துக்குக் கீழே

பழைய பொருளை வாங்கிச் செப்பனிட்டு விற்பது ஹலாலான தொழில். அதில் உழைப்பும் இருக்கிறது, லாபமும் இருக்கிறது. ஆனால் செப்பனிடுவது எங்கே முடிகிறது, மூடி மறைப்பது எங்கே ஆரம்பமாகிறது என்பது வியாபாரிகளாகிய நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

இதற்கு ஓர் உதாரணமாக, மேல்நாடுகளில் ஆசையோடு தேடப்படும் பழைய வோக்ஸ்வேகன் வேனை எடுத்துக்கொள்வோம். இது 1950-ம் ஆண்டில் ஜெர்மனியில் செய்யத் தொடங்கப்பட்டது. இஞ்சின் பின்பக்கம் இருக்கும். அதைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம், காற்றே போதும். 1951 முதல் வெஸ்ட்பாலியா என்னும் கம்பெனியார் இதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தி, குடும்பத்தோடு ஊர் சுற்றும் ஒரு சிறு வீடாகவே ஆக்கிவிட்டார்கள். முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கும் மாடல் ஜெர்மனியில் 1967 வரை வந்தது. அதற்குத்தான் இன்று அதிகக் கிராக்கி. ஜன்னல் மிகுந்த சில வண்டிகள் அமெரிக்க ஏலங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கின்றன. விலை இப்படி ஏறிய பிறகு, கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கிப் புதுப்பித்து விற்பவர்களும் பெருகிவிட்டார்கள்.

இந்த வேனுக்கு லாரியைப் போலத் தனியே கழற்றக்கூடிய சட்டம் கிடையாது. அடித்தளமும் கூடும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. ஆகவே கதவுக்குக் கீழுள்ள பகுதியும், ஜாக்கி கொடுக்கும் இடமும் துருவால் அரித்துப்போனால் அழகு மட்டும் போவதில்லை. வண்டியின் பலமே போய்விடும். நேர்மையான பட்டறைக்காரர் அரித்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு பற்றவைப்பார். இன்னொருவர் ஓட்டையில் பட்டி பூசித் தேய்த்து, இரண்டு நிற வர்ணம் அடித்து, உள்ளே பூப்போட்ட திரையும் தொங்கவிடுவார். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. காந்தத்தை வைத்தால் இரும்பில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. அதைவிடப் பெரிய அபாயம் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய். பழசாகி வெடித்த குழாயிலிருந்து சூடான இஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டி எரிந்துபோன வண்டிகள் பல. அந்த வண்டியில் போகிறவர்கள் யார்? மனைவி மக்களோடு போகும் ஒரு மனிதர்!

“வாங்குகிறவருக்கும் கண் இருக்கிறதே, பார்த்துத்தானே வாங்குகிறார்?” என்று சிலர் கேட்கலாம். “குறைக்கு நான் பொறுப்பல்ல என்று எழுதி வாங்கிவிட்டேன்” என்று வேறு சிலர் சொல்லலாம். ஹனபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். ஷாபியீ மத்ஹபிலோ, கால்நடையில் விற்பவருக்கே தெரியாத உட்குறைக்கு மட்டும்தான் அது செல்லும் என்பது பலமான சொல். சட்டத்தில் இப்படிப் பேதம் இருந்தாலும், தெரிந்த குறையை மறைத்து விற்பது ஹராம் என்பதில் இரு மத்ஹபுக்கும் பேதமே இல்லை.

வாயால் பொய் சொன்னால்தான் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். விற்கப்போகும் ஆட்டைச் சில நாள் கறக்காமல் விட்டு, மடி பெருத்துத் தோன்றும்படி செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அங்கே யாரும் ஒரு வார்த்தையும் பொய் சொல்லவில்லை. மடிதான் பொய் சொன்னது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் ‘மின்ஹாஜ்’ நூலில், நீரால் சுழலும் ஆலையின் தண்ணீரைத் தேக்கி வைத்து, விற்கும் நேரத்தில் திறந்துவிடுவதையும் இந்த வகையிலேயே சேர்த்திருக்கிறார்கள். அப்படியானால், துருவின்மேல் பூசிய வர்ணத்தை எந்த வகையில் சேர்ப்பது?

சரி, எந்தெந்தக் குறையைச் சொல்ல வேண்டும்? ஐம்பது வருஷத்து வண்டியில் கீறல்களுக்குக் கணக்கு உண்டா? இதற்கு வாதிலா இப்னு அல்அஸ்கஃ (ரலி) அவர்களின் சரித்திரத்தில் வழி கிடைக்கிறது. ஒரு மனிதர் தம் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்துக்கு விற்றார். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அருகில் இருந்த வாதிலா (ரலி) அவர்கள் பின்னாலேயே ஓடி, இதை இறைச்சிக்கு வாங்கினீரா, சவாரிக்கு வாங்கினீரா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றதும், இதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று தெரிவித்தார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க நேர்ந்தது. கஜ்ஜாலி இமாம் (ரஹ்) அவர்கள் இதை ‘இஹ்யா’வில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். இறைச்சிக்கு என்றால் குளம்பு ஓட்டையால் நஷ்டமில்லை. சவாரிக்கு என்றால் அதுவே பெரிய குறை. அதுபோல, வேனைக் காட்சிக்கு நிறுத்தப்போகிறவருக்குத் திரைத்துணியின் கிழிசல் ஒரு குறை. பயணம் போகிறவருக்கு அடித்தளமும் பெட்ரோல் குழாயும்தான் முக்கியம். என்ன காரியத்துக்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டு, அந்தக் காரியத்தைக் கெடுக்கும் குறையைச் சொல்லிவிட வேண்டும்.

இந்த முறை வாங்கும்போதும் நமக்குக் கடமையே. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரையை அவர்களுடைய ஆள் முந்நூறு திர்ஹத்துக்குப் பேசி முடித்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள், இது அதற்கு மேல் பெறும் என்று உடையவரிடம் சொல்லி, விலையைத் தாமே உயர்த்தி எண்ணூறுக்கு வாங்கினார்கள். கொட்டகையில் கிடக்கும் வேனின் மதிப்பு அறியாத கிழவியிடம் அதைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வருகிறவர், இந்தச் சம்பவத்தை ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும்.

“இப்படியெல்லாம் பார்த்தால் வியாபாரம் நடக்குமா?” நஷ்டம் வரலாம், மறுக்கவில்லை. அந்த ஒட்டகக்காரருக்கும் நூறு திர்ஹம் குறைந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் குறைப்பட்டார். ஆனால் அந்த நூறு, இல்லாத குளம்புக்குப் பெற்ற கிரயம். அவருக்குச் சேர வேண்டியதே அல்ல.

ஆகவே செப்பனிடுகிறவர் வர்ணம் அடிக்கட்டும், அழகுபடுத்தட்டும். அதற்கு முன்னே பற்றவைத்த இடங்களைப் படம் பிடித்து, ரசீதுகளோடு வாங்குகிறவரிடம் கொடுக்கட்டும். செய்த வேலையைச் சொல்வதுபோலவே செய்யாமல் விட்ட வேலையையும் சொல்லட்டும். வர்ணத்துக்குக் கீழே இருப்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. அந்த அறிவு வாங்குகிறவருக்குச் சேர வேண்டிய அமானத். அது வேனுக்கும் பொருந்தும். நம் கடைகளில் உள்ள அரிசி, துணி, மளிகை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.