வெறுஞ்சுவரும் இளையோர் உள்ளமும்



மஜ்ஜிம நிகாயத்தில் ககசூபம சூத்திரம் என்று ஒன்று உண்டு. அதில் பகவன் ஓர் உவமை கூறுகின்றார். ஒருவன் அரக்கும் மஞ்சளும் நீலமும் எடுத்து வந்து, ஆகாயத்திலே சித்திரம் எழுதப் போவதாகச் சொல்கின்றான். அவனால் எழுத முடியுமோ? முடியாது. ஆகாயத்திற்கு உருவமில்லை, வண்ணம் அதில் ஒட்டாது. பிறர் கூறும் வன்சொல் ஒட்டாதவாறு உள்ளத்தை ஆகாயம்போல் வைத்துக்கொள்ளுங்கள் என்று பிக்குகளுக்கு உரைத்த பாடம் அது.

பிக்குவின் உள்ளம் ஆகாயமாகலாம். நம் குடியிருப்பில் வளரும் பதினாறு வயதுப் பிள்ளையின் உள்ளம் ஆகாயமன்று, அது சுவர். எவன் முதலில் தூரிகையோடு வருகின்றானோ அவன் எழுதியது அதில் நிற்கும். சாராயம் விற்பவன் ஒரு கோடு இழுக்கின்றான். தேர்தல்காரன் ஒரு கோடு இழுக்கின்றான். ‘நீ உருப்படமாட்டாய்’ என்று நாள்தோறும் சொல்லும் பெற்றோரும் ஒரு கோடு இழுக்கின்றார்கள். பிறகு, பிள்ளை கெட்டுவிட்டான் என்று விகாரைக்கு வந்து என்னிடம் முறையிடுகின்றார்கள்!

சம்யுத்த நிகாயத்திலே பகவன் சித்திரத்தைப் பற்றி இன்னும் நெருங்கிப் பேசுகின்றார். அக்காலத்தில் ‘சரணம்’ எனும் பெயருடைய படம் ஒன்று இருந்தது. அந்தப் படத்தை எண்ணிப் படைத்தது உள்ளம். அதைக் காட்டிலும் பல்வகைத்தானது அந்த உள்ளமே என்கின்றார். நன்கு மெழுகிய பலகையிலோ சுவரிலோ துணியிலோ ஓவியன் ஆண், பெண் உருவத்தை எல்லா உறுப்புகளோடும் எழுதுவதைப்போல, அறியாமையில் உழலும் மனிதன் தன் வாழ்வைத் தானே திரும்பத் திரும்ப எழுதிக்கொள்கின்றான் என்று அங்கே காட்டுகின்றார். மில்லிலே சைடராக நின்று அறுந்த இழையைப் பிணைத்துக் காலங்கழித்த எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தமானது. எழுதுகிறவன் வேறு, எழுதப்படுகிறவன் வேறு அன்று என்பதைக் கல்லூரிப் படிப்பில்லாதவனும் இதனால் உணரலாம்.

இவ்வுண்மை கண்கூடாக நடந்த ஊர் ஒன்றைச் சொல்கின்றேன். அமெரிக்க நாட்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் பாயில் ஹைட்ஸ் என்னும் இடம் மெக்சிக வமிசத்து உழைப்பாளிகள் மிகுந்து வாழ்வது. அங்கே தெருவுக்குத் தெரு கும்பல். ஒரு தெருப் பையன் மறு தெருவில் கால்வைத்தால் உயிருக்கு ஆபத்து. 1970ஆம் ஆண்டில் ஜூடித் பாக்கா என்னும் ஓவிய ஆசிரியை, அவரும் அவ்வமிசத்தவரே, பகைத்துக்கொண்டிருந்த நான்கு கும்பல்களிலிருந்து ஏறத்தாழ 20 பிள்ளைகளைத் திரட்டி, ஒரு பூங்காவின் இசைமேடைச் சுவரில் ஓவியம் எழுதச் செய்தார். என்ன எழுதினார்கள்? கத்தியையா, தலைவனையா? ஒரு பாட்டியை எழுதினார்கள், கட்டியணைக்கக் கைகளை விரித்து நிற்கும் பாட்டியை! ‘என் பாட்டி’ என்பதே அதன் பெயர். நான்கு கும்பலுக்கும் பொதுவானவள் அவள் ஒருத்திதானே. அக்கம்பக்கத்தார் அந்தச் சுவரடியில் மெழுகுவர்த்தியும் மலரும் வைத்தார்கள்.

அதன்பின் 1976இல் தொடங்கியது பெரும் பணி. அந்நகரின் வடக்கே துஹங்கா என்னும் வெள்ள வடிகால் உண்டு. ஆற்றைச் சிமெண்டுக் கால்வாயாக அடைத்துவிட்ட இடம். அதன் சுவரிலே ஐந்து கோடைக்காலங்களில், 1983 வரை, 400க்கும் மேற்பட்ட இளைஞர்கள் 2,754 அடி நீளத்திற்கு ஓவியம் எழுதினார்கள். அவர்களுள் பலர் சிறார் நீதிமன்றத்தின் வழியாக வந்தவர்கள். அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. கோடைக்கால வேலையாகக் கூலியும் பெற்றார்கள். இதை நம் பெரியவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் உழைப்பைத் தொண்டு என்று பெயரிட்டு இலவசமாகப் பெறுவது சம்மா ஆஜீவத்திற்கு ஒவ்வாது.

அச்சுவரில் அவர்கள் எழுதியது பாடப் புத்தகம் விட்டுவிட்ட சரித்திரம். முதற்குடிகள் வருகின்றார்கள். 1930களில் மெக்சிகோவுக்குத் துரத்தப்பட்ட குடும்பங்கள் வருகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர் வருகின்றார்கள். தன் பாட்டனுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு, பக்கத்தில் நின்று எழுதும் வேற்றினப் பிள்ளையின் பாட்டனுக்கு நேர்ந்ததும் தெரிந்துபோகின்றது. வெயிலில், ஒரே சாரத்தில், ஒரே வாளியில் தூரிகை நனைத்தவர்கள் அவர்கள். 2011இல் அவ்வோவியத்தைப் புதுப்பித்தார்கள். 2017இல் அந்நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலிலும் சேர்த்தார்கள்.

நம் பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கி எழுத்தினால் செய்த பணியும் இவ்வகைப்பட்டதே. விடுபட்ட சரித்திரத்தை ஒடுக்கப்பட்டவனே எழுதிக்கொள்ளும் பணி அது. ஏட்டைப் படிக்காதவனும் சுவரைப் படிப்பான்.

இனி நம் வீட்டு வழக்கிற்கு வருகின்றேன். விகாரைக்குப் பக்கத்துச் சந்தின் சுவரை என்ன செய்வது என்பது பற்றிச் சபையில் இரு கட்சி. பேனர் எழுதுபவரை அழைத்தால் இரண்டு நாளில் அழகாய் முடித்துவிடுவார் என்று ஒரு கட்சி கூறுகின்றது. உண்மை, அவர் கோடு நேராய் இருக்கும். நம் பிள்ளைகள் எழுதினால் பாபாசாகேபின் மூக்குக்கண்ணாடி கோணிப்போகலாம். ஆயினும் அந்த இரண்டு நாளும் கீழ்த்தெருப் பிள்ளைகளும் மேல்தெருப் பிள்ளைகளும் எங்கே இருப்பார்கள்? பழையபடி குழாயடியில் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். நமக்கு வேண்டியது சுவர் மட்டுமாயின் பேனர்க்காரர் போதும்.

உருவம் எழுதலாகாது என்று வினயத்தில் இல்லையா என்று ஒரு பெரியவர் கேட்டார். பிக்குகள் தம் உறைவிடத்தில் ஆண், பெண் உருவங்களை விளையாட்டாய் எழுதுவித்ததைப் பகவன் கண்டித்தார். மாலையும் கொடியும் எழுத இசைந்தார். அது துறவிகளுக்கான விதி. இல்லறத்தார் சந்துச் சுவரில் மகத் சௌதார் குளத்தையும், 1927இல் அங்கே நீர் அள்ளிய கைகளையும் எழுதுவதை அவ்விதி தடுக்கவில்லை.

அஜந்தாவை நினையுங்கள். அங்கே சித்திரம் வண்ணத்தில் தொடங்கவில்லை, சேற்றில் தொடங்கியது. மண்ணும் கல்தூளும் உமியும் புல்லும் கலந்து பாறையில் பூசி, அதன்மேல் சுண்ணம் தடவி, பிறகுதான் காவியும் விளக்குக் கரியும். பதினேழாம் குகையின் தாழ்வாரத்தில் பவசக்கரத்தின் சிதைந்த பகுதி இன்றும் உள்ளது. பதினாறாம் குகையை ஈந்த அமைச்சன் வராகதேவன் பெயர் கல்லில் பொறித்திருக்கின்றது. சித்திரம் எழுதிய கைகளின் பெயர்? தெரியாது. நம் சுவரில் இது தலைகீழாகட்டும். வண்ணம் வாங்கிக் கொடுப்பவர் பெயர் வேண்டாம். கட்சிக் கொடியும் வேண்டாம். எழுதிய பிள்ளைகளின் பெயர்கள் மட்டும், பெண்பிள்ளைகளின் பெயர்களும் சேர்த்து, அடியில் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சென்னை நகருக்குள்ளிருந்து பெயர்த்துக் குடியேற்றப்பட்டோர் வாழும் கண்ணகி நகரில் 2020ஆம் ஆண்டில் அடுக்கு வீடுகளின் சுவர்களில் பெரும் ஓவியங்கள் எழுதப்பட்டதை அறிவீர்கள். பார்க்க அழகு, ஊருக்கு வந்த கெட்ட பெயர் சற்றே மாறவும் இடமுண்டு. ஆயினும் எந்த ஓவியமும் சாக்கடையை அள்ளாது, பையனுக்கு வேலை தேடித் தராது. சந்தின் சாக்கடைக்காக நகராட்சிக்கு எழுதும் மனுவை இச்சுவரைக் காட்டி எவரும் மடித்து வைக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாய் நடக்க வேண்டும். மனுவில் முதற் கையெழுத்துச் சாரத்தில் ஏறும் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்.

சீலங்களை இங்கே தனியே போதிக்க வேண்டியதில்லை. சுவருக்கு உரியவரிடம் எழுத்தில் இசைவு பெறுவது இரண்டாம் சீலம். குடித்தவனைச் சாரத்தில் ஏற்றாமை ஐந்தாம் சீலம். ஒருவன் எழுதிய பகுதியை மற்றவன் இரவில் வந்து கறுப்படிக்காமல் இருப்பானாயின் முதற் சீலத்தின் வேர் பிடித்துவிட்டது என்று நான் கொள்வேன்.

என்ன எழுதுவது என்பதை நானும் சொல்லப்போவதில்லை, சபையும் சொல்ல வேண்டாம். இரு தெருப் பிள்ளைகளும் வீட்டுக்கு வீடு சென்று பாட்டிமாரிடமும், மூடிய மில்களில் உழைத்த பாட்டன்மாரிடமும் கேட்டு வரட்டும். கேட்டு வந்தவற்றைப் பௌர்ணமிக் கூட்டத்தில் வைக்கட்டும். அதற்குள் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, விரிசல்களை அடைத்து, சுவரை நனைத்து ஆயத்தம் செய்யலாம். சுண்ணாம்பு ஊறவைக்கப் பெரிய தொட்டி ஒன்றும், இரண்டு ஏணிகளும் தேவை. வைத்திருப்போர் ஞாயிறு காலைக்குள் விகாரைக்கு அனுப்பித் தருக.