ஓடும் நீருக்கும் ஹக் உண்டு

அல்லாஹுதஆலா அருளிய நிஃமத்துகளில் தண்ணீர் தலையாயது. பாறைகள் பிளந்து ஆறுகள் பொங்கி வருவதைச் சுட்டிக்காட்டி, அப்பாறைகளையும்விட இறுகிப்போன உள்ளங்களை அல்பகரா அத்தியாயத்தின் 74-ஆம் ஆயத் இடித்துரைக்கிறது. ஆகவே படிப்பினை பெறும் நிய்யத்துடன் அருவியைக் காணச் செல்வதும் நன்மையே.

மண்டகப்பட்டு, செஞ்சி வட்டாரம் ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழும் பூமி. எனவே மழைக்காலம் முடிந்ததும் வேன் அமர்த்திக்கொண்டு, குடும்பத்தோடு ஜவ்வாது மலைக்குச் செல்வோர் நம்மில் உண்டு. ஜமுனாமரத்தூர் அருகே காட்டுவழியில் சிறிது தூரம் நடந்தால் பீமன் மடவு அருவி. இத்தகைய இடங்களில் சோற்றுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, எச்சில் இலையையும் பிளாஸ்டிக் பையையும் ஷாம்பு உறையையும் ஓடையிலேயே விட்டு வருகிறார்கள் சிலர். கேட்டால், "இது யார் வீட்டுச் சொத்து? ஓடுகிற தண்ணீர்தானே!" என்கிறார்கள்.

கேள்வி சிந்திக்கத் தக்கதுதான். தனி உரிமையாளர் இல்லாத பொருளில் ஹக் உண்டா?

ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் நீரை அளவு மீறிச் செலவிடுவது வீண்விரயமே என்று ஸஅது (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதாக இப்னுமாஜாவில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் முஹத்திஸீன்கள் குறை கூறியிருப்பினும், கடற்கரையில் இருந்தாலும் நீரை விரயம் செய்யக்கூடாது என்பதே உலமாக்களின் ஏகோபித்த கருத்து என இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். கடலுக்கு என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது. அள்ளுகிற கை கெட்டுவிடும், அதனாலேயே தடை.

விரயமே இப்படியென்றால் அசுத்தமாக்குவது எத்தகையது? மலையில் விழும் நீர் மலையோடு நிற்பதில்லை. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, பாலாற்றில் கலக்குமுன் எத்தனையோ ஊர்களின் வயல்களை நனைக்கிறது. நீர்த்துறை, பாதை, நிழல் ஆகிய மூன்று இடங்களிலும் மலங்கழிப்பது சாபத்துக்குரியது என அபூதாவூதில் வரும் ஹதீஸும், பலர் அனுபவிக்கும் பொருளைக் கெடுப்பதையே கண்டிக்கிறது.

அண்டைவீட்டார் பொருளைச் சேதப்படுத்தியவர், அவர் கதவைத் தட்டி மாப்புக் கேட்டுக்கொள்ளலாம். ஓடையைக் கெடுத்தவர் யாரிடம் போய்க் கேட்பார்? கீழே குடித்தவர் யாரென்றே தெரியாதே! அடியார்களின் ஹக்கோ, உரியவர் மன்னிக்காதவரை மஹ்ஷரில் நம் நன்மைகளைக் கொண்டு ஈடு செய்யப்படும். 'யாருக்கும் சொந்தமில்லை' என்று நாம் நினைத்ததற்கு, அன்று கணக்கற்றோர் உரிமை கோரி நிற்பார்கள்.

ஆகவே செல்லும்போது ஒரு காலிப் பையையும் எடுத்துச் செல்லுங்கள். கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டு வாருங்கள். ஓடையில் சோப்புப் போடாதீர்கள். வழியில் கிடக்கும் கண்ணாடித் துண்டை அகற்றுங்கள். அது ஈமானின் ஒரு கிளை. பிள்ளைகள் பார்த்துப் பழகுவார்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.